காட்டுக்கறி ஆசைக்குப் பண்ணைக் காடை: வாங்குவதிலிருந்து தட்டுக்கு வரும்வரை

ஏற்காட்டுக்கு வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது மெதுவாகப் பக்கத்தில் வந்து, "ஏனுங்கண்ணா, இங்க காட்டுக்கறி ஏதாச்சும் கிடைக்குமுங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். கௌதாரி, காட்டுமுயல், காட்டுப்பன்றி, உடும்பு என்று ஆசை நீளும். நான் எல்லாருக்கும் சொல்வது ஒரே பதில்தான்: காடை வாங்குங்க, பண்ணைக் காடை. சரியாகச் சமைத்தால் நீங்கள் தேடி வந்த ருசி அதிலேயே இருக்கிறது.

சிக்கல் அந்தச் "சரியாக" என்கிற இடத்தில்தான். பிராய்லர் கோழியை நினைத்துக்கொண்டு காடையைச் சமைக்கிறவர்கள் பெரும்பாலும் கெடுத்துவிடுகிறார்கள். சொந்தக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று பார்த்ததை வைத்து, வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். காடையில் பெரும்பாலான தவறுகள் அளவால் வருவதில்லை, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்வதால் வருகின்றன.

1. எதைத் தொடக்கூடாது

1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது குற்றம். கண்ணி வைத்துப் பிடிப்பதும் வேட்டைதான். அந்தக் கறியை வைத்திருப்பதும் விற்பதும் வாங்குவதும் வழக்கில் கொண்டுபோய் விடும். பொதுவாக மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உடும்பு போல முதல் அட்டவணையில் உள்ள உயிர் என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு. "எஸ்டேட்டுக்குள்ளதானே பிடிச்சோம்" என்பது பதிலாகாது. தோட்டம் யாருடையதாக இருந்தாலும் அந்த உயிர் தோட்டக்காரருடையது இல்லை.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து ஓரம் காட்டுக்கோழி கூவுவதை நான் இன்னும் கேட்கிறேன். அது இனியும் கேட்க வேண்டும்.

காடையிலேயே இரண்டு வகை உண்டு என்பதால் இதை இங்கே சொல்கிறேன். சாலையோரத்தில் துணி போர்த்திய கூண்டில் "காட்டுக்காடை சார், ஒரிஜினல்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பண்ணையில் வளர்வது ஜப்பானியக் காடை. சாதாரணமாகக் கிடைக்கும் பழுப்பு நிற இனத்தில் ஆணின் நெஞ்சு ஒரே சீரான செம்பழுப்பு, பெட்டையின் நெஞ்சு வெளிர் நிறத்தில் கரும்புள்ளியோடு இருக்கும். நெஞ்சில் பெரிய கருப்புத் திட்டு இருந்தால் அது மழைக்காடை ஆண். நெஞ்சு முழுக்கக் கருப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு ஓடினால் புதர்க்காடை. இரண்டும் காட்டுப் பறவைகள்.

2. எந்தக் காடை, எத்தனை

காடைக்குஞ்சு பொரிக்கப் பதினேழு, பதினெட்டு நாள். ஐந்து வாரத்தில் கறிக்குத் தயார். அப்போது உயிரோடு சுமார் 200 கிராம் இருக்கும். சுத்தம் செய்தால் 130 முதல் 150 கிராம் நிற்கும். ஆகவே சாப்பாட்டோடு ஆளுக்கு ஒன்று, காடையே முக்கியம் என்றால் ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வையுங்கள்.

கோழிக்கு நேர்மாறாகக் காடையில் பெட்டைதான் கனம் அதிகம். ஆனால் முட்டையிட்டு ஓய்ந்த பெட்டையைச் சில கடைகளில் கறிக்குத் தள்ளிவிடுவார்கள். கறி முறுக்காக இருக்கும், எவ்வளவு வறுத்தாலும் மெல்ல முடியாது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எத்தனை வாரமுங்க?" ஐந்து, ஆறு என்றால் எடுங்கள். தயங்கினால் நெஞ்செலும்பின் நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். இளசு என்றால் நுனி வளையும், முற்றல் என்றால் குச்சி மாதிரி குத்தும்.

நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் சேலத்தில் உயிர்க்காடைக்குப் பஞ்சமில்லை. உறைய வைத்த பாக்கெட்டும் கிடைக்கும். அதை எடுத்தால் முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். வெந்நீரில் போட்டு அவசரமாகக் கரைத்தால் மேல்புறம் அரைவேக்காடாகி உள்ளே பனிக்கட்டி நிற்கும், கறியின் சாறும் தண்ணீரோடு போய்விடும்.

3. முன்னாலேயே எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு காடைக்குச் சொல்கிறேன். சின்ன வெங்காயம் 300 கிராம், உரித்து இரண்டாக நறுக்கியது. காய்ந்த மிளகாய் பதினைந்து, கிள்ளி விதையைத் தட்டியது. கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. தேங்காய் அரைமூடியில் பாதி, பல்லுப் பல்லாகக் கீறியது. மஞ்சள்தூள் ஒரு டீஸ்பூன், உப்பு 10 கிராம், மிளகு ஒரு டீஸ்பூன், கடலை எண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி.

கனமான இரும்பு வடச்சட்டி வேண்டும். நல்ல கத்தரிக்கோல் ஒன்று வேண்டும். கத்தி வேண்டாம். காடை எலும்பு மெல்லிசு, கத்தியால் வெட்டினால் சிம்பு சிம்பாக உடைந்து கறிக்குள் போய்விடும். குழந்தைகள் சாப்பிடும் வீட்டில் அது பெரிய ஆபத்து.

வெங்காயம் உரிப்பதைக் காடை அடுப்பில் இருக்கும்போது செய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சட்டியில் காடை இருக்கும் மொத்த நேரமே கால் மணிதான்.

4. தோலோடு சுத்தம் செய்வது

கடைக்காரர் ஒரே இழுப்பில் தோலை உரித்துத் தந்துவிடுவார். அவருக்கு அது சுலபம். நீங்கள் "தோலோடு வேணுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காடையின் கறியில் கொழுப்பு இல்லை, இருக்கும் கொஞ்சம் கொழுப்பு தோலுக்கு அடியில்தான் இருக்கிறது. தோலை உரித்த காடை எண்ணெயில் பட்டதும் சுருங்கிக் காய்ந்துவிடும்.

கடையில் அறுத்து மட்டும் வாங்கிவந்து வீட்டில் இறகு எடுப்பதானால், கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்துகொள்ளுங்கள். 60 டிகிரி பக்கம் வரும். காலைப் பிடித்துத் தலைகீழாக முப்பது விநாடி முக்கி எடுத்தால் போதும். கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் தோல் வெந்து, இறகை இழுக்கும்போது தோலும் கிழிந்துவரும். புதிதாகச் செய்கிறவர்கள் இந்த இடத்தில் அநேகமாகத் தவறுகிறார்கள். இறகை அது வளர்ந்த திசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நெஞ்சுப் பக்கம் தோல் காகிதம் மாதிரி இருக்கும், அங்கே இன்னும் பொறுமை வேண்டும்.

அப்புறம் வாட்டுவது. மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து மேலெல்லாம் தடவி, காஸ் தீயில் காட்டித் திருப்புங்கள். ஒட்டியிருக்கும் பூமயிர் சுருண்டு பொசுங்கும், தோல் லேசாக இறுகி மினுங்கும், இறக்கைக் குருத்தில் சின்னதாக ஒரு "சுர்ர்" சத்தம் கேட்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். நாட்டுக்கோழியை வாட்டுவது மாதிரி நிறம் மாறும்வரை காட்டினால் இந்தத் தோல் தாங்காது.

5. வயிற்றைத் திறப்பது

காடையைக் குப்புற வைத்து, வாலிலிருந்து கழுத்துவரை முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கத்தரிக்கோலால் வெட்டி முதுகெலும்பை எடுத்துவிடுங்கள். புத்தகம் மாதிரி விரித்து நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் தட்டையாகிவிடும். தட்டையாக இருந்தால்தான் எல்லா இடமும் சட்டியில் ஒன்றுபோலப் படும். முழுசாகப் போட்டால் தொடை வேகும் முன் நெஞ்சு காய்ந்துவிடும்.

வெளியே எடுக்க வேண்டியவற்றில் மூன்றை ஆட்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். முதலாவது கழுத்தடியில் இருக்கும் தீனிப்பை. அதில் தீவனம் மிச்சம் இருந்தால் புளித்த வாடை வரும். இரண்டாவது விலாவோடு ஒட்டிக்கிடக்கும் ரோஸ் நிற நுரையீரல், கட்டைவிரல் நகத்தால் சுரண்டினால்தான் வரும். மூன்றாவது வாலுக்கு மேலே மஞ்சளாக மேடு கட்டியிருக்கும் எண்ணெய்ச் சுரப்பி. "காடைன்னாலே கவிச்சிங்க" என்று சொல்கிற பல வீடுகளில் இந்தச் சுரப்பியை வெட்டி எறியாமலே சமைத்திருப்பார்கள். வாலோடு சேர்த்து வெட்டிவிடுங்கள்.

ஈரலை எடுக்கும்போது பச்சை நிறப் பித்தப்பை உடையக்கூடாது. உடைந்துவிட்டால் உடனே அந்த இடத்தைத் தண்ணீரில் அலசுங்கள். ஊறவிட்டால் கசப்பு இறங்கிவிடும். ஈரல், இதயம், முதுகெலும்பு, கழுத்து எல்லாவற்றையும் தனியாக வையுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

ஒருமுறை அலசினால் போதும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கழுவினால் பச்சைக்கறித் தண்ணீர் மேடையெல்லாம் தெறிக்கும், பக்கத்தில் இருக்கும் வெங்காயத்திலும் விழும். பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து அலசி, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

6. உப்புப் போட்டுக் காத்திருப்பது

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். அறுத்த உடனே கறியின் தசை விறைக்கும், அப்புறம் சில மணி நேரத்தில் தானாகவே தளரும். விறைப்பில் இருக்கும்போது அடுப்பில் போட்டால் ரப்பர் மாதிரிதான் இருக்கும், காடையைக் குறை சொல்லிப் பயனில்லை. குறைந்தது நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். முதல்நாள் மாலை வாங்கி மறுநாள் மதியம் சமைப்பதுதான் என் வழக்கம்.

வைக்கும்போதே உப்பையும் மஞ்சளையும் தடவிவிடுங்கள். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், பிறகு அந்தத் தண்ணீரே உப்போடு உள்ளே திரும்பும். இதற்கும் நேரம் வேண்டும். சமைக்கும் முன் பத்து நிமிடம் உப்புத் தடவினால் தண்ணீர் வெளியே வந்த கட்டத்திலேயே சட்டிக்குப் போய்விடுகிறது.

தட்டில் தோல் மேலே இருக்கும்படி, மூடாமல், பச்சைக் காய்கறிக்குக் கீழ்த்தட்டில் வையுங்கள். தோல் காய்ந்தால்தான் முறுகும். தயிர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். முற்றிய கறிக்கு அது சரி. ஐந்து வாரக் காடையைப் புளிப்பில் ஊறப்போட்டால் மேல்புறம் மாவு மாதிரி ஆகிவிடும்.

சேலத்தில் வாங்கி ஏற்காட்டில் சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம் 30 கிலோமீட்டர்தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நடுவில் நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஒரு சித்திரை மாதம் எட்டுக் காடையைப் பாலிதீன் பையில் வண்டி முன்னால் மாட்டிக்கொண்டு போனேன். மேலே போய்ப் பையை அவிழ்த்தபோது வாடை மாறியிருந்தது. எட்டையும் குழிதோண்டிப் புதைத்தேன். அதிலிருந்து தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் இல்லாமல் மலை ஏறுவதில்லை.

7. வறுவல்: பள்ளிபாளையம் முறையில்

பள்ளிபாளையம் சிக்கனின் ருசி மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய் இந்த மூன்றில் நிற்கிறது. கரம் மசாலா கிடையாது. காடைக்கு இதுதான் பொருந்தும், ஏனென்றால் காடையின் சொந்த மணத்தைப் பட்டை கிராம்பு மூடிவிடும். ஆனால் கோழிக்குச் செய்யும் வரிசையை அப்படியே பின்பற்றாதீர்கள். கோழியில் வெங்காயம் வதக்கிக் கறியைப் போட்டு வேகவிடுவோம். காடையில் கறி முதலில், வெங்காயம் பிறகு.

ஃபிரிட்ஜிலிருந்து அரைமணி முன்னால் வெளியே எடுங்கள். சட்டியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு காடையை மட்டும் தோல் கீழே படும்படி வையுங்கள். ஆறையும் ஒரே நேரத்தில் போட்டால் சட்டி குளிர்ந்து, காடை விட்ட தண்ணீரிலேயே வேகும், சிவக்காது. நான்கு நிமிடம் கரண்டியால் தொடவே தொடாதீர்கள். தோல் சிவந்ததும் சட்டியை அதுவே விடும். அதற்குமுன் கிளறினால் தோல் சட்டியிலும் கறி கரண்டியிலுமாக இருக்கும். திருப்பி இரண்டு நிமிடம், எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த இரண்டு.

இப்போது தீயைக் குறையுங்கள். அதே எண்ணெயில் மிளகாய், பத்து விநாடியில் கறிவேப்பிலை, உடனே வெங்காயம். மிளகாய் கருகினால் மொத்தமும் கசக்கும். தீயைக் குறைக்கச் சொன்னது அதற்குத்தான். வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகும்போது சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் செம்பழுப்புப் பொருக்கைச் சுரண்டிக் கலந்துவிடுங்கள். ருசியில் பாதி அதில்தான் இருக்கிறது.

காடையைத் தோல் மேலே இருக்கும்படி அடுக்கி, தட்டில் வடிந்த சாற்றையும் ஊற்றி, கால் தம்ளர் தண்ணீரை ஓரமாக விட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம். திறந்து தேங்காய்ப் பல்லைப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை மூன்று நிமிடம் திறந்தே வையுங்கள். தேங்காயை முதலிலேயே போட்டால் எண்ணெய் விட்டுக் கடினமாகிவிடும்.

தொடை உடம்போடு சேரும் இடத்தில் கத்தி நுனியால் குத்துங்கள். வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பாக வந்தால் இன்னும் இரண்டு நிமிடம். தெர்மாமீட்டர் இருந்தால் 74 டிகிரி.

மிளகை அடுப்பை அணைத்தபிறகு நசுக்கிப் போடுங்கள். சேர்வராயன் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகுக்கொடியின் காய் கிடைத்தால் அதுவே. பொடியாக வாங்கிய மிளகில் காரம் மட்டும்தான் மிச்சமிருக்கும், மணம் போயிருக்கும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுப் பரிமாறுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த கையோடு பிய்த்தால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும்.

8. கரியில் சுடுவதானால்

சாம்பல் பூத்த கரிக்கு ஒரு சாண் உயரத்தில் கம்பி. முதலில் எலும்புப் பக்கம் கீழே, ஏழு நிமிடம். எலும்பு சூட்டைத் தாங்கி மெதுவாக உள்ளே விடும். பிறகு தோல் பக்கம் மூன்று நிமிடம். மாற்றிச் செய்தால் தோலின் கொழுப்பு சொட்டித் தீ எழும்பி, உள்ளே வேகும் முன் வெளியே கரியாகும். மிளகாய் விழுதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் தடவினால் போதும்.

9. மலைமேல் குழம்பு வைத்தால்

ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். வறுவலில் இது அவ்வளவாகத் தெரியாது, குழம்பில் தெரியும். கீழே பத்து நிமிடத்தில் அடங்கும் மசாலாப் பச்சை வாசனை மேலே போக இன்னும் நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அதற்காகக் காடையையும் சேர்த்துக் கொதிக்கவிடாதீர்கள். குழம்பைத் தனியாக, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, சிவக்க வறுத்த காடையைக் கடைசி பத்து நிமிடத்தில் சேருங்கள்.

வேகவில்லையே என்று குக்கரை எடுக்கிறவர்கள் உண்டு. இரண்டு விசில் விட்டால் கறி எலும்பைவிட்டுக் கழன்று, நெஞ்சுப்பகுதி தவிடு மாதிரி உதிரும். குக்கரைச் சோற்றுக்கு வையுங்கள்.

10. எடுத்து வைத்த எலும்பும் ஈரலும்

முதுகெலும்பையும் கழுத்தையும் சட்டியில் சிவக்க வறுத்து, ஆறு தம்ளர் தண்ணீர், நான்கு பல் பூண்டு, சின்ன வெங்காயம், சீரகம், மிளகு போட்டு முக்கால் மணி நேரம் சிறுதீயில் விடுங்கள். இதற்குக் குக்கர் தாராளமாகப் பயன்படுத்தலாம், நான்கு விசில். வடிகட்டியே பரிமாறுங்கள், சின்ன எலும்பு நிறைய இருக்கும். ஈரலையும் இதயத்தையும் அதே எலும்போடு போட்டுவிடாதீர்கள், கல்லாகிவிடும். வறுவல் சட்டியில் மிஞ்சிய மிளகாய் எண்ணெயில் மூன்று நிமிடம் புரட்டி, அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு முதலில் கொடுத்துவிடுங்கள். ஆறினால் அதற்கு ருசி கிடையாது.